அடிபடாத ஏழாம் கல்

திங்கட்கிழமை எல்லை நடைக்கு வந்தவர்கள் ஹெஸ்டர் கிம்பரின் வீட்டுக்குப் பின்னால் போகாமல் முன்னால் போனார்கள்.

அவள் அப்போது தோட்டத்துக் கோடியில், தேநீர்க் கோப்பைகளை அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். கிறிஸ்து விண்ணேறியதை நினைக்கும் பரமேறுதல் வியாழனுக்கு முந்தைய திங்களன்று மார்ல்பியின் பதினான்கு வீட்டாரும் பட்டை உரித்த வில்லோ மரக் கம்புகளோடு ஊரைச் சுற்றி நடப்பது வருஷா வருஷம் உள்ள வழக்கம். ஒவ்வொரு எல்லைக்கல்லிலும் நின்று பாதிரியார் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார். வாசித்து முடித்ததும் ஆளாளுக்குக் கல்லைக் கம்பால் விளாசுவார்கள். மொத்தம் ஏழு கற்கள். ஏழாவது கல் ஹெஸ்டரின் தோட்ட முடிவில், ஓடைக்கு இந்தப் பக்கம், முழங்கால் உயரத்துக்குப் பாசி படர்ந்து நிற்கிறது. நடந்து களைத்தவர்களுக்கு அங்கே வைத்துத் தேநீரும் கேக்கும் கொடுப்பது அவள் பொறுப்பு. புருஷன் இருந்த காலத்திலும் அவன் போய்ச் சேர்ந்த பிறகும், இருபத்திரண்டு வருஷமாக ஒரு வருஷம்கூட அவள் தவறவிட்டதில்லை.

சங்கீதம் தப்பான பக்கத்திலிருந்து கேட்டது. வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து பார்த்தாள். அவள் வாசல் கேட்டுக்கு வெளியே, ஊர்ப் பக்கமாக, ரோட்டில் எல்லாரும் கூடி நின்றார்கள். வெள்ளைக் கம்புகள் ஏறி இறங்கின. அங்கே கல் எதுவும் கிடையாது. போன இலையுதிர்காலத்தில் போட்ட கறுப்புத் தார்தான் இருந்தது. அதன்மேல் விழுந்த அடிகள் ஈரத்துணியைத் துவைப்பதுபோல் மொத்து மொத்தென்று கேட்டன. கடை நடத்தும் டோர்க்கஸ், அவளுடைய ஒரே சிநேகிதி, தன் செருப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் பொறுப்பாளர் ஏமோஸ் தர்க்கெல் மட்டும் தொப்பியை லேசாகத் தூக்கி, இன்று வெயில் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கூட்டம் நகர்ந்தது. பின்னால் மேசையில் பதினெட்டுக் கோப்பைகள் ஆறிக்கொண்டிருந்தன.

பின்பக்கம் சேறாக இருக்குமென்று நினைத்து முன்பக்கம் வந்திருப்பார்கள் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மழை பெய்து பத்து நாளாகிறது. விஷயம் தான் எழுதி வைத்த அந்த ஒரு பக்கம்தான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தக் கோடையில் லண்டனில் பெரிய விழா நடக்கவிருந்தது. நாட்டில் ஊர் ஊராக ஆளுக்கொரு காரியம் செய்ய வேண்டும் என்று பேச்சு. பக்கத்து ஊர்க்காரர்கள் பெஞ்சு போட்டார்கள், இன்னொரு ஊரில் மரம் நட்டார்கள். மார்ல்பி தன் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுவது என்று முடிவெடுத்தது. பதினான்கு வீட்டுக்கு என்ன சரித்திரம் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. எழுதும் வேலையை ஹெஸ்டரின் தலையில் கட்டினார்கள். மூடிப்போன பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், வாயும் கொஞ்சம் நீளம் என்றாலும் பரவாயில்லை என்று. எழுத வேண்டியது என்ன என்பது எல்லாருக்கும் மனப்பாடம். கோயில் சுவரில் பலகையே மாட்டியிருக்கிறதே. பல தலைமுறைக்கு முன்னால் கொள்ளைநோய் வந்த கோடையில் சுற்றுவட்டாரமெல்லாம் செத்து மடிந்தபோது, கடவுளின் கிருபையால் மார்ல்பியில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்தப் பலகையைச் சொல்லித்தான் மார்ல்பிக்காரர்கள் மற்ற ஊர்களில் பெண் கேட்பார்கள்.

ஹெஸ்டர் கோயில் பெட்டியைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்தாள். ஒட்டிக்கிடந்த இரண்டு தாள்களைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தாள். உள்ளே அந்தக் காலத்துப் பாதிரியார் சிலந்திக் கால் போன்ற எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஓடையோர வீட்டில் ஃபெல்கேட் குடும்பத்தில் காய்ச்சல் கண்டது. அன்றே ஊர் கூடி, காலமல்லாத காலத்தில் இரண்டாம் முறை எல்லை நடந்தது. ஏழாம் கல்லைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டார்கள். அந்த வீடு வெளியே போனது. வெளியே போனவர்களுக்கு அப்பம் இல்லை, தண்ணீர் இல்லை, ஜெபம் இல்லை, புதைகுழி இல்லை. செத்தாலும் அது மார்ல்பியின் சாவு ஆகாது. "பத்தொன்பது நாள் அவர்கள் கூப்பிட்டார்கள். கேட்காமலிருக்க மணியை அடித்தோம். காய்ச்சலில் அல்ல, பசியில் செத்தார்கள் என்று அஞ்சுகிறேன்." அடியில் பெயர்கள். ஜெர்வாஸ். அவன் மனைவி தாமசின். பிள்ளைகள் ஆம்ப்ரோஸ், ஜூடித், மெர்சி. பெயர் வைக்காத கைக்குழந்தை ஒன்று.

அவள் அதை அப்படியே ஒரு பக்கமாக எழுதிவிட்டாள். ஏமோஸ் தர்க்கெல் முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு வீட்டுக்கு ஒரு தொடைக்கறி கொடுத்தனுப்பினார். அவள் கறியைத் திருப்பி அனுப்பினாள். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் மொத்தக் கட்டும் அச்சகத்துக்குப் போகிறது. போய்விட்டால் அந்த ஆறு பேரும் மார்ல்பியின் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். போகாமல் தடுக்க ஏமோஸுக்கு இருந்தது மூன்று நாள்.

திங்கள் மாலை கோயில் மணி அடிப்பவர்களின் ஒத்திகை. ஆறரைக்கு ஐந்து பேர் மணிக்கோபுரத்துக்குள் போவதை அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். ஏழரைக்குச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வருவதையும் பார்த்தாள். நடுவில் அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. முந்நூறு கஜ தூரம். வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு அலமாரித் தட்டுகளே அதிரும். காதில் அழுக்கா என்று சுண்டுவிரலை விட்டுக் குடைந்தாள். அழுக்கில்லை. ஏனென்றால் பின்பக்கத்து ஓசைகள் எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டன: ஓடைத் தண்ணீர் கூழாங்கல்லில் புரள்வது, எல்டர் புதரில் ஏதோ பறவை இறக்கையை மடக்குவது, ஓடைக்கரை ஈரப்புல்லில் கால் வைத்து எடுப்பது, எடுத்த காலை வைக்காமல் ஒரு கணம் யோசிப்பது, பிறகு வைப்பது.

அவள் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அதைப் போட்டதே இல்லை. துரு பிடித்து உள்ளே போக மறுத்ததைச் சுத்தியால் தட்டி ஏற்றினாள்.

செவ்வாய் காலை பால் வரவில்லை. தர்க்கெல் பண்ணைப் பால். வராததில் ஆச்சரியமில்லை, வயிற்றெரிச்சல்தான். கோழிகளைத் திறந்துவிட்டபோது அவை தோட்டப் பக்கம் போகாமல், ஒன்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்வாசல் கேட்டில் போய் ஒட்டிக்கொண்டன. அதட்டினாள், விரட்டினாள், தானியத்தை இறைத்தாள். தானியம் அப்படியே கிடந்தது. பிறகு எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவளே கல்லண்டை போனாள். அடிபடாத கல்லில் பாசி முழுசாக இருந்தது. உச்சியில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, பாசி தேய்ந்து கல் தெரிந்தது, ரொம்ப நேரம் யாரோ கை ஊன்றி நின்றதுபோல. அந்தக் கைத்தடம் ஓடைப் பக்கத்திலிருந்து ஊன்றியது. காற்றில் ஒரு வாடை வந்தது. புளித்த வைக்கோல், வேர்வை, ஜன்னல் திறக்காத நோயாளி அறை. பசித்த வாயின் வாடையும் அதில் இருந்தது. அதை அவள் அறிவாள், அவள் புருஷன் கடைசி மாதம் ஒன்றும் இறங்காமல் கிடந்தபோது அறை முழுக்க அதே வாடைதான்.

கடைக்குப் போனாள். டோர்க்கஸ் அவளை உள்ளே கூப்பிடவில்லை. தேயிலையையும் ரொட்டியையும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போய் நின்றாள். அவளுக்கே அது வெட்கமாக இருந்தது, முகம் சிவந்துவிட்டது.

"ஏண்டி, ஒரு பக்கம்தானே," என்றாள் டோர்க்கஸ். "கிழிச்சு அடுப்புல போட்டுட்டுப் பேசாம இங்க வந்து படுத்துக்கோ. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு."

"கிழிக்கலைன்னா?"

"கிழிக்கலைன்னா நான் எப்படிடி உன்ன உள்ள விடுவேன்? அவங்க எல்லைக் கோட்டத்தான் உன் வாசல்ல போட்டுட்டாங்களே. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

"நீயும்தான அடிச்ச."

டோர்க்கஸ் உள்ளே திரும்பினாள். கதவைச் சாத்தும்போது, பின்பக்கம் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பேசாதே என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவளுடைய அம்மா அவளுக்குச் சொன்னதாம். யார் கூப்பிடுவார்கள் என்று அம்மாவும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. மார்ல்பிக்காரர்கள் இப்படித்தான். கேட்காமல் இருப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேறியவர்கள்.

ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்பிய ஹெஸ்டருக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஆறு மைல் தூரத்து ஊரிலிருந்து வாழ வந்த தன்னை இருபத்திரண்டு வருஷம் கழித்தும் 'வெளியூர்க்காரி' என்றே சொல்லும் இந்த ஜனங்களுக்காக அந்தப் பக்கத்தைக் கிழிப்பதா? மாட்டேன் என்று உரக்கச் சொன்னாள். காலியான ரோட்டில், தாரைப் பார்த்து.

அன்று இரவு அவள் தூங்கினாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

புதன் மதியம் பெல் என்ற அந்தப் பாதிரியார் சைக்கிளில் வந்தார். நான்கு ஊர்க் கோயில்களைத் தனியாகப் பார்க்கும் ஒல்லிப்பிச்சான் இளைஞர். கேட்டுக்கு வெளியே ஒரு காலை ஊன்றியபடியே பேசினார், சைக்கிளை விட்டு இறங்கவில்லை. தனக்கு இதெல்லாம் புதிது என்றார். ஏமோஸ் நடந்த வழியில் தானும் நடந்ததாகச் சொன்னார். இது வெறும் பழைய வழக்கம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவள் மணிச் சத்தம் கேட்காததைச் சொன்னாள். அவர் திகைத்துப் பார்த்தார். இப்போதுகூட அடித்துக்கொண்டிருக்கிறார்களே, காலையிலிருந்து ஓயாமல் அடிக்கிறார்கள், ஏமோஸின் உத்தரவு என்றார். அவள் காது கொடுத்துக் கேட்டாள். ஓடை மட்டும் கேட்டது. அதற்கும் அப்பால் மிக மெல்லியதாக ஒரு குரல் கேட்டது. என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை. பாதிரியாருக்கு அது கேட்கவில்லை. அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

மே மாதத்துச் சாயங்காலம் லேசில் இருட்டாது. எட்டு மணிக்கும் வானம் பால் கலந்த தேநீர் நிறத்தில் வெளிச்சமாகவே இருந்தது. ஹெஸ்டர் கையெழுத்துக் கட்டைச் சணலால் கட்டி மேசைமேல் வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் உருவித் தனியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எல்லாம் அதது இடத்தில் இருந்தன: அடுப்புக்கரி மெல்லக் கனிந்து சரிந்தது, கடிகாரம் அதன் பாட்டுக்கு நகர்ந்தது, சுவரோரம் பலகைகள் பகல் சூட்டை விட்டுக் குளிரும்போது வழக்கம்போல் முனகின, பின்கதவின் இடுக்கு வழியாக அந்தப் புளித்த வைக்கோல் வாடை கணுக்கால் உயரத்துக்குப் பரவி, நாற்காலிக் கால்களைச் சுற்றி, அவள் பாவாடைக்குள் ஏறியது.

தோட்டத்தில் நடந்தார்கள். ஒருவர் அல்ல. பெரிய கால் ஒன்று. இழுத்து இழுத்து வைக்கும் கால் ஒன்று. சின்னக் கால்கள், எண்ண முடியாமல். கோழிக்கூட்டைத் தாண்டினார்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார்கள். படியருகில் நின்றார்கள்.

தட்டினார்கள்.

இடித்துத் தட்டவில்லை. கடன் கேட்க வந்தவர்கள் தட்டுவதுபோல் தயங்கித் தயங்கி. மேலே ஒரு கை. அதற்குக் கீழே இன்னொரு கை. பிறகு முழங்கால் உயரத்தில், நகம் கொண்டு, சுரண்டல்.

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்கதவுக்குப் போனாள். திறந்தாள்.

கேட்டுக்கு வெளியே அவர்கள் நின்றார்கள். ஏமோஸ், அவருடைய இரண்டு மகன்கள், டோர்க்கஸ், அவள் புருஷன், பாதிரியார் பெல், இன்னும் நான்கைந்து பேர். எல்லார் கையிலும் வெள்ளைக் கம்பு. தாரின்மேல் வரிசையாக நின்றார்கள், ஒருவரும் ஓரடி முன்னால் வரவில்லை. ஏமோஸின் முகம் மாவுபோல் வெளுத்திருந்தது. அவருக்கும் கேட்கிறது என்று அவள் புரிந்துகொண்டாள். மற்றவர்களுக்கும் கேட்டது. டோர்க்கஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கத்தக் குடும்மா," என்றார் ஏமோஸ். குரல் நயமாகத்தான் இருந்தது. "இப்பவே பின்னாடி போயி கல்ல அடிச்சுட்டு வந்துடறோம். அஞ்சு நிமிஷ வேல. அப்புறம் நீயும் உள்ள, எல்லாம் பழையபடி."

"அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். எங்கப்பா எனக்குச் சொன்னாரு, நான் என் பசங்களுக்குச் சொன்னேன். உன் வீட்டுக்காரன் உனக்குச் சொல்லாம விட்டான் பாரு, அது அவன் தப்பு." அவர் கம்பை இறுக்கிப் பிடித்தார். "என்னிக்கோ செத்தவங்களுக்காக உயிரோட இருக்கறவங்க பேர எதுக்கு நாறடிக்கற? அவங்களுக்கு இதுல என்ன ஆகப்போவுது?"

பின்னால் சுரண்டல் நின்றது. ஒரு குழந்தைக் குரல் கேட்டது. பழைய காலத்து உச்சரிப்பு, பாதி புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. ரொட்டி கேட்டது.

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கிழிக்க ஒரு நொடி போதும். கிழித்துவிட்டால் டோர்க்கஸின் மாடி அறை, சூடான கம்பளி, நாளைக்குப் பால். இரண்டு விரல்களால் தாளின் விளிம்பைப் பிடித்தாள். கிழிக்கவும் ஆரம்பித்தாள், ஓரத்தில் ஓரங்குலம் கிழிந்தது. அந்த ஓரங்குலத்துக்கு அடியில் மெர்சி என்ற பெயர் இருந்தது.

ஏமோஸின் மூத்த மகன் பெருமூச்சு விட்டான். நிம்மதிப் பெருமூச்சு. அதைக் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ.

"பசின்னு வந்து கதவத் தட்டுறாங்க, மிஸ்டர் தர்க்கெல்," என்றாள். "பத்தொன்பது நாள் கூப்பிட்டாங்க, நீங்க மணி அடிச்சீங்க. இன்னிக்கும் மணிதான் அடிக்கிறீங்க. என் வீட்டுக் கதவ யாரு தட்டினாலும் திறக்கறதும் திறக்காததும் என் இஷ்டம்."

"ஹெஸ்டர், வேணாம்."

"என்னைய வெளியில தள்ளினது நீங்கதான். வெளியில இருக்கறவங்களுக்கு நீங்க என்ன சட்டம் சொல்றது?"

அவள் திரும்பி வீட்டுக்குள் நடந்தாள். ஒவ்வொரு அடியும் பயத்தோடுதான். நடுக்கூடம். சமையலறை. தாழ்ப்பாள் கைக்குச் சில்லென்று இருந்தது. துரு. சுத்தி எங்கே? கையாலேயே அடித்தாள். தோல் உரிந்தது. தாழ்ப்பாள் கழன்றது.

திறந்தாள்.

மாலை வெளிச்சத்தில் நின்றார்கள். ஒளிந்துகொள்ளவில்லை, மிரட்டவும் இல்லை. தோலுக்கடியில் எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. உதடு இருந்த இடத்தில் உதடு இல்லை. பல்லும் ஈறும் வெளியே காய்ந்துகிடந்தன. தலைமயிரில் வைக்கோல். மண் நிறத்துத் துணி. தாயின் கையில் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொதி. தகப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், வீட்டுக்கார அம்மாளிடம் மரியாதையாக. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

உள்ளே வாங்க என்றாள். தலையை அசைத்தாள்.

ரொட்டியை எடுத்து வைத்தாள். அந்த வார ரேஷன் வெண்ணெய், சீஸ், திங்கட்கிழமையிலிருந்து தொடாமல் கிடந்த கேக், ஜாடியிலிருந்த ஊறுகாய் வெங்காயம். தின்றார்கள். மேசையைச் சுற்றி நின்றபடியே, ஒருவரை ஒருவர் பார்க்காமல், மெல்லாமல் விழுங்கினார்கள். விழுங்கியது எங்கேயும் தங்கவில்லை. தரையில் விழும் சத்தம் அவளுக்குக் கேட்டது. குனிந்து பொறுக்கி மறுபடியும் தின்றார்கள். மாவு டப்பாவைத் திறந்து கொடுத்தாள். உருளைக்கிழங்கை வேகவைக்காமலே கொடுத்தாள். அலமாரி காலியானது. பெண் குழந்தை இரண்டும் காலித் தட்டை நக்கிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தன.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் பின்னால் நகரவில்லை. நகர இடமும் இல்லை.

"என்கிட்ட அவ்வளவுதான்," என்றாள். "மிச்சமெல்லாம் உங்க ஊர்ல இருக்கு. வாங்க, நான் கூட வர்றேன்."

முன்வாசலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்துப் பலகைகள் ஒன்றும் முனகவில்லை, எடையே இல்லாதவர்கள் நடந்தார்கள். வெளியே இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு அவள் தோளுக்கு மேலே பார்த்தார்கள். பாதிரியார் ஜெபப் புத்தகத்தைக் கீழே போட்டார். யாரோ ஓடினார்கள். ஏமோஸ் ஓடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். குனிந்து தாரை அடிக்க ஆரம்பித்தார். மகன்களும் அடித்தார்கள். கம்பு முறிய முறிய அடித்தார்கள்.

கல்லாக இருந்தால் அடியை வாங்கிக்கொண்டு எல்லையைக் காத்திருக்கும். ஆறு கற்களும் தலைமுறை தலைமுறையாக அடி வாங்கிப் பழகியவை. ஏழாவதைத்தான் இவர்கள் இந்த வருஷம் சும்மா விட்டுவிட்டார்கள். தாருக்கு இவர்களையும் தெரியாது, இவர்கள் பாட்டன்களையும் தெரியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் லாரியில் வந்த தார்.

ஹெஸ்டர் கேட்டைத் திறந்து ரோட்டில் கால் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. நகர்ந்து நின்று வழி விட்டாள்.

ஜெர்வாஸ் தாண்டினான். ஆம்ப்ரோஸ் தாண்டினான். ஜூடித், மெர்சி. அவசரமில்லாமல், ஊருக்குத் திரும்பி வருகிறவர்கள் போல, ஏமோஸைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். வீட்டு விளக்குகளைப் பார்த்தார்கள். தர்க்கெல் பண்ணை வீட்டின் அடுக்களை ஜன்னல்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதை நோக்கி நடந்தார்கள். "என் பேத்தி அங்க தனியா இருக்கா," என்றார் ஏமோஸ், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். முறிந்த கம்பு இன்னும் கையில் இருந்தது. டோர்க்கஸ் ரோட்டிலேயே மண்டியிட்டுத் தன் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு எப்படிக் கேட்கும்?

ஹெஸ்டர் அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் திரும்பப் போய்க் கேட்டைச் சாத்த வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். விடிந்தால் வியாழன். பஸ் ஏழு மணிக்கு.

கடைசியாக வந்தவள் தாமசின். அவள் மட்டும் ஹெஸ்டருக்கு எதிரில் நின்றாள். மற்ற நால்வரும் போகும் திசையைப் பார்த்தாள், தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். கைகள் நிறைந்திருந்தால் எதை எடுத்துத் தின்பது? துணியில் சுற்றியிருந்ததை ஹெஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு, மற்றவர்கள் பின்னால் போனாள்.

ஐந்து மாதம் இருக்கலாம். ஈரமண் பையைப்போல் கனத்தது. ஹெஸ்டர் அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள், கீழே வைக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு. பண்ணை வீட்டுப் பக்கம் முதல் அலறல் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குக் குழந்தை அசைந்தது. துணி விலகியது. கண் திறக்கவில்லை. முகத்தை மட்டும் அவள் பக்கமாகத் திருப்பி, பொத்தான்களின்மேல், ரவிக்கையின்மேல், இங்கும் அங்கும் வாயைத் தேய்த்துத் தேடி, கடைசியில் இடத்தைக் கண்டுபிடித்து, திறந்தது.

வாய் நிறையப் பற்கள் இருந்தன.